பத்து மணி, இரண்டு மணி

மார்ச் 4

அக்காவுக்கு,

போன் செய்தேன். பதினோரு தடவை. எண்ணிக்கொண்டே செய்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை, எடுக்காததும் சரிதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் எல்லார் முன்னாலும் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவளிடம் என்ன பேசக் கிடக்கிறது. அதனால் கடிதம். வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் இந்தக் கிளையிலிருந்து தண்ணீர் சாம்பிள் எடுத்துக்கொண்டு உங்கள் லேபுக்குத்தானே வருகிறார். ஐஸ் பெட்டிக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஈரமாக வந்தால் மன்னியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் புகார் கொடுத்துவிட்டேன்.

முதலில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வரிசை. அங்கே இருந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார். நடுவில் இரண்டு தடவை உச்சுக் கொட்டினார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "இது எங்க ஆபீஸ் இல்லம்மா, சமவாய்ப்பு ஆணையத்துக்குப் போகணும்" என்றார். அதை முதல் நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆணையம் ஊரின் மறுகோடியில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடி. அங்கே இருந்த குமாஸ்தா, 'எங்களுடையது இல்லை' என்று தொழிலாளர் அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்தால்தான் தொடுவேன் என்றார். மறுபடி அங்கே. மறுபடி இங்கே. என்னை மாற்றியது அக்டோபர் ஆறு. ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாம். இன்னும் ஒரு மாதம்தான் மிச்சம் இருந்தது.

படிவத்தில் 'பாகுபாட்டின் அடிப்படை' என்று ஒரு கேள்வி, கீழே பெட்டிகள். இனம், மதம், வயது, பால், பிற. பால் என்ற பெட்டியில் டிக் போட்டேன். குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எந்தப் பாலும்மா?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா தெரியவில்லை. நீங்களாக இருந்தால் அங்கேயே சிரித்திருப்பீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை அதற்குள் அவருடைய முத்திரைக் கட்டையை எடுத்து வாயில் வைத்துவிட்டாள்.

நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னார்கள். குழந்தை பிறந்து மூன்றாம் மாதம், மே மாதத்தில், வேலைக்குத் திரும்பினேன். ஐந்து மாதத்தில் எடுத்தது ஒரே ஒரு நாள் லீவு, ஆகஸ்ட் இருபத்தொன்று, குழந்தைக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். அதுவரை ஒளிந்து போய்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அதற்கு இருபது இருபது நிமிஷம் வேண்டும் என்று செப்டம்பரில் எழுதிக் கேட்டேன். "இது லேபும்மா, பால் பண்ணை இல்ல" என்று சூப்பர்வைசர் சொன்னார். மூன்று வாரத்தில் சோதனைப் பெஞ்சிலிருந்து தூக்கி, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளையில், சாம்பிள் கேன் வாங்கிவைக்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். அடுத்து எனக்கு வர வேண்டிய சீனியர் பதவி...

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். 'சாட்சிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டேன்.

நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நான்

*

மார்ச் 9

அவசரத்துக்கு,

உனக்கு அவசரம் என்று பெயர் வைத்தவள் நான், அதனால் அதை மாற்றப்போவதில்லை.

முதல் விஷயம், இனிமேல் வேனில் எதுவும் அனுப்பாதே. பிப்பெட் அன்றைக்கென்று வாசலுக்கு வந்து ஐஸ் பெட்டியைத் தானே திறந்தார். (அந்தப் பெயரும் நான் வைத்ததுதான். துளித்துளியாக உறிஞ்சுகிற சூப்பர்வைசருக்கு வேறென்ன பெயர் வைப்பது.) வேன்காரர் உன் கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஐஸ் தண்ணீர் வயிற்றில் இறங்க இறங்க, பத்து நிமிஷம் அவருக்கு எதிரில் அசையாமல் நின்றிருக்கிறார். உடம்பு சரியில்லையா என்று பிப்பெட் விசாரித்தாராம். இந்தத் தாளின் பின்பக்கம் என் வீட்டு விலாசம் இருக்கிறது. தபாலில் போடு.

இரண்டாவது. கேட்காதே என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன். கேட்டால் இல்லை என்பார்கள். கேட்காமல் இருந்தால் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை. ஐந்து மாதம் வண்டி ஓடவில்லையா? பத்து மணி ஆனதும் "போடி, இருபது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நான் பொறுப்பில்ல" என்று உன்னைக் கண்ணாடிச் சாமான் அறைக்குத் தள்ளிவிடுவேன். இன்குபேட்டரில் வெப்பநிலை பார்த்துப் பதிவேட்டில் எழுதி, உன் சின்னக் கையெழுத்தையும் நானே போட்டு வைப்பேன். இரண்டு மணிக்கும் அதே கதை. ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்ததா? உனக்கு அது போதவில்லை. உரிமையோடு போக வேண்டும், எழுத்தில் வேண்டும். வாங்கிக்கொண்டாய், எழுத்தில்.

மூன்றாவது. "நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள உக்காந்துட்டீங்களேக்கா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. சீனியருக்கு இரவு ஷிஃப்ட் இல்லை, அதனால் உன் பதவியை வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, தீர்ப்பு சொன்னாய்.

கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அக்கா

இன்ஸ்பெக்டருக்கு எத்தனை பல் வந்திருக்கிறது? இன்னும் எல்லாரையும் அப்படித்தான் முறைத்துப் பார்க்கிறாளா?

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பதில் போட ஐந்து வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அப்பா விஷயம் எனக்குத் தெரியாது என்று எழுதினால், தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை என்றுதானே அர்த்தம். அதற்கு மேல் அந்தக் கடிதம் ஓடவில்லை.

ஆறு பல். முறைப்பு அப்படியே இருக்கிறது.

நேற்று கம்பெனியின் பதில் ஆணையம் வழியாக வந்தது. பதினோரு பக்கம், பின்னிணைப்பு தனி. நான் எழுதிக்கொடுத்த கடிதம் அவர்களுக்கு வந்து சேரவே இல்லையாம். பால் பண்ணை என்று யாரும் சொல்லவே இல்லையாம். மாற்றியது என் 'வசதியைக் கருதி' செய்ததாம். இதையெல்லாம் நான் எதிர்பார்த்தேன், அக்கா. எதிர்பாராதது ஏழாம் பக்கம். அப்படியே எழுதுகிறேன்: 'மனுதாரர் ஒரு நாள்கூடக் காலை பத்து மணிக்கோ பிற்பகல் இரண்டு மணிக்கோ தம் இடத்தை விட்டு அகலவில்லை என்பதற்கு, இன்குபேட்டர் பதிவேட்டில் உள்ள அவரது கையெழுத்தே சான்று. எனவே இடைவேளை மறுக்கப்பட்டது, ஒளிந்து சென்று பால் எடுத்தார் என்பன முற்றிலும் கற்பனை.'

கூடவே ஐந்து மாதப் பதிவேட்டின் நகல். நாலு பக்கம் புரட்டினேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, மூடி அலமாரி மேல் போட்டுவிட்டேன். அத்தனை பத்து மணியும் அத்தனை இரண்டு மணியும் உங்கள் கை. என்னைக் காப்பாற்றப் போட்டது, வரிசையாக நின்று என்னைப் பொய்க்காரி என்கிறது.

மறுமொழி கொடுக்க எனக்கு மே எட்டு வரை நேரம். குமாஸ்தாவிடம் போய், யாரையோ பற்றிக் கேட்பதுபோல, ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "போட்டது யாருன்னு எழுதணும். அவங்களே வந்து சொல்லணும். சொன்னா உங்களுக்கு நல்லது. அவங்களுக்கு எப்படின்னு நான் சொல்ல முடியாது" என்றார். யாரோ என்று நான் கேட்டதை அவர் ஒரு விநாடிகூட நம்பவில்லை.

வீட்டில் இவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், பாலையே நிறுத்தியாயிற்று, இன்னும் எதற்கு அந்தச் சண்டை என்று. உண்மைதான், குழந்தை இப்போது சோறு சாப்பிடுகிறாள். ஆனால் நான் அந்த ஜன்னலில் உட்கார்ந்து கேன் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டே இருக்கிறேன். வேதியியல் படித்துவிட்டுப் பசை தடவுகிறேன். காலையில் கேன் வந்ததும் மூடியைத் திறந்து வாசனை பார்க்கக் கை போகிறது, அது என் வேலை இல்லை என்று மூடி வைக்கிறேன். எனக்கு என் பெஞ்ச் வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

நீங்கள் சொன்னால்தான் நான் எழுதுவேன். இல்லையென்றால் இல்லை.

நான்

*

ஏப்ரல் 22

அவசரம்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பிப்பெட் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மேசை மேல் பதிவேட்டைப் பரப்பி வைத்திருந்தார். தன் கையாலேயே எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. "எல்லாம் அந்தப் பொண்ணு கையெழுத்துதானே?" என்று கேட்டார். "பதிவேட்டுல அப்படித்தானே சார் இருக்கு" என்றேன். இது பொய்யா நிஜமா என்று நீயே முடிவு செய்துகொள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நம் தொழிலில் இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போட்டவளை எந்த லேபும் வாசற்படி ஏற்றாது. உனக்கும் தெரியும். நான் எழுதிய அளவுகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் குனிந்து முள்ளைப் பார்த்துத்தான் எழுதினேன். கண் என்னுடையது, பெயர் மட்டும் உன்னுடையது. இதைப் பிரித்துப் பார்க்கிற அதிகாரி எங்கே இருக்கிறார்? எனக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் படுத்திருக்கிற மனிதருக்கு எழுபத்தெட்டு.

எழுதுவதானால் எழுது. எழுதாவிட்டால் விடு. என் சம்மதத்தைக் கேட்காதே. சரி என்று சொன்னால் என் வேலை என் வாயாலேயே போகிறது. இல்லை என்று சொன்னால் உன்னைக் கவிழ்த்தவள் நான். எதைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய்? கூர்மையான கத்தியைக் கொண்டுவந்து பிடிப்பக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் இஷ்டம் அக்கா என்கிறாய். கெட்டிக்காரி நீ. முன்பு இவ்வளவு கெட்டிக்காரி இல்லை.

இரண்டு வாரத்துக்கு எனக்கு எழுதாதே.

அக்கா

*

மே 1

அக்காவுக்கு,

இரண்டு வாரம் என்றீர்கள். ஒன்பது நாள்தான் ஆகிறது. கோபித்துக்கொள்ளுங்கள்.

கத்தி என்று நீங்கள் எழுதியதை விடாமல் படித்தேன். பேருந்தில் படித்தேன், ஜன்னலில் படித்தேன், குழந்தைக்கு ஊட்டும்போது படித்ததில் தாளில் பருப்பு ஒட்டிக்கொண்டது. நீங்கள் சொன்னது சரி. சம்மதம் கேட்பதுபோல நான் உங்கள் மேல் பாரத்தை இறக்கி வைத்திருக்கிறேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மறுமொழி எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. நீங்கள் படிக்காமல் விட்டாலும் சாரம் இதுதான்: 'பத்து மணி, இரண்டு மணிக் குறிப்புகளை ஒவ்வொரு நாளும் காலையிலேயே நானே முன்கூட்டி எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் பால் எடுக்கச் சென்றேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.' இப்படி எழுதினால் நான் இடத்தில் இல்லை என்பதும் நிரூபணமாகிறது, உங்கள் பெயரும் வரவில்லை.

இதனால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். அளவு பார்க்காமலே எழுதினவள் என்று ஆகும். பெஞ்ச் கிடைக்காது. அப்படியானால் எதற்கு இந்தப் புகார் என்று கேட்பீர்கள். இவரும் கேட்டார். கேட்டதற்குப் பழிவாங்கித்தான் என்னை இங்கே போட்டார்கள் என்று எங்கேயாவது ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அக்கா. எனக்கு அது மட்டுமாவது வேண்டும். பாதி கிடைத்தால் பாதி.

மே ஏழாம் தேதி காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நாற்காலி பற்றி அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை என்று இப்போதுதான் கவனிக்கிறேன். கேட்கிறேன்.

நான்

*

மே 5

அசடே,

இதை உன் ஊர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தெரு வழியாகத்தான் வந்தேன். கம்பியில் சின்னச் சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மேலே ஏறவில்லை. இதை உன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்று ஒரு நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மறுமொழியைக் கிழித்துப் போடு. ஏன் என்று கேள். பதிவேட்டு நகலை அலமாரியிலிருந்து இறக்கு. ஆகஸ்ட் இருபத்தொன்று பார். உன் ஒரே ஒரு லீவு. அது லீவு என்று பிப்பெட்டே ஒப்புதல் போட்ட தாள் ஆபீசில் இருக்கிறது, உன் புகாரிலும் அந்தத் தேதி இருக்கிறது. அன்றைக்கு இன்குபேட்டர் என் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் என் கையெழுத்து. பத்துக்கும் இரண்டுக்கும் உன் கையெழுத்து.

லேபுக்கே வராதவள் எப்படியடி முன்கூட்டிப் போட்டுவிட்டுப் போவாய்?

டீ ஊற்றிக் கொடுத்த அன்றே அந்தப் பக்கம் என் கண்ணில் பட்டது. பிப்பெட் கண்ணில் படவில்லை. அவர் பதிவேட்டை எண்ணுவார், படிக்க மாட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. தராசில் ஒரே சாம்பிளை மூன்று தடவை நிறுத்தேன். நேற்று உன் நகல் வந்தது. எந்த வக்கீலாவது ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவான், உன் பொய்யும் போகும் நிஜமும் போகும் என்று தெரிந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நீ எழுதியிருப்பது பொய் அளவு. என் கண் பார்த்து எழுதிய முந்நூறு அளவை, பார்க்காமல் எழுதினது என்று நீ எழுதிக்கொடுப்பதை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க முடியாது.

அதனால் பல் டாக்டருக்கு மேல்மாடி ஏறினேன். கீழே யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தம் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தது. உன் குமாஸ்தா என்னைப் பார்த்ததும் பெயர்கூடக் கேட்கவில்லை, "உட்காருங்க, வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். எல்லாம் சொன்னேன். செப்டம்பரில் நீ கடிதம் கொடுத்தது, பால் பண்ணை என்று அவர் சொன்னது, நான் அப்போது இரண்டடி தள்ளிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தது, எல்லாம். அந்த அம்மாள் ஆகஸ்ட் இருபத்தொன்றில் விரல் வைத்து, "அவங்க அன்னிக்கு வேலைக்கே வரலையே. அப்புறம் ஏன் போட்டீங்க?" என்று கேட்டார்.

"பத்து மணி ஆனா கை தானா போயிடும் மேடம்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

நாளைக்குக் காலையில் வாக்குமூலத்தின் நகலை நானே பிப்பெட்டிடம் கொடுக்கப்போகிறேன். பின்னால் எவனோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட இது மேல். நேரே வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். பட்டப்பகலில் என்னைப் பார்த்தால் அப்பா, இன்றைக்கு என்ன லீவா என்று ஒரு பக்க வாயால் கேட்பார். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்காலி விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது தனிக் கணக்கு.

அக்கா

*

மே 24

அக்காவுக்கு,

மறுபடியும் தாமதம். கதவுக்கு அடியில் கிடந்த உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தது இன்ஸ்பெக்டர். மூலையைத் தின்றுவிட்டாள். விஷயம் பழுதில்லை.

கதவைத் தட்டியிருக்கலாம். அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, பால்காரர் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாளே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வேன்காரர் சொன்னார். விசாரணை முடியும்வரை லேபுக்கு வரக்கூடாதாமே. அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கேன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உங்களுக்கு வேலை போனால் நான் என் பெஞ்சில் எப்படி உட்காருவேன்? அந்த நாற்காலியை நினைத்தாலே எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடக்கவும் நடக்கிறேன். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. குழந்தை இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே வருகிறாள்.

ஆணையத்தில் மாதிரிக் கையெழுத்துக் கேட்டார்கள். என் சின்னக் கையெழுத்தைப் பத்து தடவை போட வேண்டும். பத்தும் பத்து விதமாக வந்தது. குமாஸ்தா பதிவேட்டையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவங்க போட்டதுதாம்மா உங்க கையெழுத்து மாதிரி இருக்கு" என்றார். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

விசாரணை ஜூன் மூன்று. உங்களுக்கும் தாள் வந்திருக்கும். கம்பெனிக்கு இரண்டு வக்கீல்களாம். ஒத்திப்போடலாம், போடாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் குமாஸ்தா மேலே மின்விசிறியைப் பார்க்கிறார். நம்மைத் தனித்தனியாகத்தான் உள்ளே கூப்பிடுவார்களாம். குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். இவருக்கு அன்றைக்கு லீவு இல்லை. வெளியே பெஞ்சில் அவளை வைத்துக்கொள்ள எனக்கு வேறு ஆள் கிடையாது.

முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். இருபது நிமிஷம் என்றார் குமாஸ்தா.

அவசரம்